கடவுள் நம்பிக்கை பற்றி நாத்திகரோடு பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. நெருங்கிய நண்பர்களில் பாதிப்பேர் நாத்திகர்கள். அதனாலோ என்னவோ, நம்பிக்கையுள்ள பலர் "அவர்களோடு எப்படிப் பேசுகிறீர்கள்?" என்று ஆரம்பித்து, கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நாத்திகரை மடக்குவதற்கு உத்தி தேடி வந்தவர்களுக்கு இந்தப் பக்கம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

நாத்திகர் என்றால் கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்தானே?

அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் "இருப்பதாக நம்பப் போதுமான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை" என்கிறவர்கள்தான் நான் பார்த்தவரை அதிகம். "இதை மனிதரால் அறியவே முடியாது" என்று ஒதுங்கிக்கொள்கிறவர்கள் வேறு. இந்த நிலைப்பாட்டுக்கு 1869-இல் 'அக்னாஸ்டிக்' என்று தனிப்பெயர் சூட்டியவர் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. கடவுள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, மதத்தின் பெயரால் நடக்கும் அநியாயம்தான் என் பிரச்சினை என்பவர்களும் இருக்கிறார்கள்.

நான்கு பேருக்கும் ஒரே பதில் செல்லாது. எனவே வாதத்தை எடுப்பதற்கு முன் "நீங்கள் இதில் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தேவையில்லாமல் போய்விடும்.

அவங்களோட பேசவே கூடாது, பேசினால் நம்ம நம்பிக்கை போயிடும்னு பெரியவங்க சொல்றாங்களே?

நம் பழைய பெரியவர்கள் அப்படிச் செய்யவில்லை. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய் "உம் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். கண்ணால் காண்பதைத் தவிர எதையும் ஏற்காத பூதவாதியிடமும் போகிறாள். அவன் அனுமானத்தை ஒப்புக்கொள்ளாதவன் என்பதால், உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தை விட்டால் வேறு எப்படி அறிவாய் என்று கேட்டுவிட்டு வருகிறாள். இதில் ஒரு வேடிக்கை, அவள் சேர்ந்த பௌத்தமே படைப்புக் கடவுளை ஏற்காத நெறி.

13-ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிறர் கொள்கைகளை எடுத்து மறுக்கும் பரபக்கம் என்ற பகுதி, கடவுளை ஏற்காத உலகாயதனில்தான் தொடங்குகிறது. அவன் கட்சி இன்னது என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் மறுப்பு வருகிறது. அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை எடுத்தபோது, இல்லை என்பதற்கான இரண்டு காரணங்களைத்தான் முதலில் எழுதினார்: உலகில் தீமை இருக்கிறது, கடவுள் இல்லாமலேயே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம். இன்றைக்கும் பெரும்பாலான விவாதங்கள் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

நம்பிக்கை போய்விடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். ஒருவர் கேட்ட கேள்வி உங்களை இரவெல்லாம் தூங்கவிடவில்லை என்றால், அந்தக் கேள்வி ஏற்கெனவே உங்களுக்குள் இருந்திருக்கிறது. அவர் வாயால் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பேச ஆரம்பித்தால் பத்தே நிமிஷத்தில் சண்டையாகிவிடுகிறது. எங்கே தப்பு?

நம் நாட்டின் பழைய தர்க்க நூலான நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்ளப் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியும் இல்லாமல் எதிராளி சொல்வதை உடைப்பது மட்டுமே வேலையாக இருந்தால் அது விதண்டை. சண்டை வருகிற இடங்களில் பெரும்பாலும் ஒருவர் வாதத்துக்கு வந்திருப்பார், மற்றவர் ஜல்பத்துக்கு வந்திருப்பார். அல்லது சுற்றி நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்தால் வாதமும் தானாக ஜல்பமாகிவிடும். தனியாக, இரண்டு பேராகப் பேசிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "இதுதானே நீங்கள் சொல்வது?" என்று கேளுங்கள். அவர் "ஆமாம்" என்று சொல்லும்வரை மறுப்பை ஆரம்பிக்காதீர்கள். பூர்வபட்சம் என்று பழைய ஆசிரியர்கள் செய்துவந்தது இதைத்தான்.

சரி, எந்த வாதத்தில் ஆரம்பிப்பது? எது பலமானது?

நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றே ஒன்றுதான், இந்தப் பக்கம் முழுக்க அதுவே திரும்பத் திரும்ப வரும். உங்கள் நம்பிக்கை எதன் மேல் நிற்கிறதோ அதைப் பேசுங்கள். இதற்கு ஒரு சோதனை உண்டு. நீங்கள் சொல்லப்போகும் வாதத்தை அவர் முழுவதுமாக உடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் நீங்கள் கும்பிடுவதை நிறுத்துவீர்களா? மாட்டீர்கள் என்றால், அது உங்கள் காரணம் இல்லை. எங்கோ படித்ததை இரவல் வாங்கி வந்திருக்கிறீர்கள்.

இரவல் வாதத்தை எடுத்தால் என்ன ஆகும் என்றால், அவர் அதை மெனக்கெட்டு மறுப்பார், நீங்கள் அசையாமல் அடுத்த இரவலை எடுப்பீர்கள். மூன்றாவது சுற்றில் அவருக்கு எரிச்சல் வரும். "எதைச் சொன்னாலும் நீங்கள் மாறப்போவதில்லை, பிறகு ஏன் என்னை வேலை வாங்குகிறீர்கள்?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

கடவுள் பயம் இல்லாதவன் எப்படி ஒழுக்கமாக இருப்பான்? இதை அவங்களிடம் கேட்கலாமா?

கேட்காதீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "நீ ஏன் இன்னும் திருடவில்லை?" என்று கேட்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. தவிர, தகவலாகவும் அது தப்பு. கொல்லாமையைச் சமணர்கள் அளவுக்குக் கடுமையாகப் பிடித்தவர்கள் உலகத்தில் குறைவு. படைப்புக் கடவுள் என்ற கருத்தை அவர்கள் ஏற்பதில்லை.

இதற்குள் நல்ல கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: நல்லது கெட்டது என்பது நம் விருப்பு வெறுப்பைத் தாண்டி நிற்கிறதா, நிற்கிறது என்றால் எதன் மேல்? இதைக் கேளுங்கள். ஆனால் உங்களுக்கும் ஒரு கேள்வி திரும்பி வரும். பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் கேட்டது அது: நல்லது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா? முதலாவது என்றால் நன்மை கடவுளுக்கு வெளியே இருக்கிறது. இரண்டாவது என்றால் கடவுள் நாளைக்குக் கொலையை விரும்பினால் அதுவும் நல்லதாகிவிடும். கடவுளின் இயல்பே நன்மை, அவர் விருப்பம் அதிலிருந்து விலகாது என்பது நம் பக்கத்தில் சொல்லப்படும் பதில். எனக்கு அது பெரும்பாலும் போதுமானதாகத் தெரிகிறது. அவருக்குத் தெரியாமல் போகலாம்.

நிரூபிக்க வேண்டியது யார்? அவர் இல்லை என்று நிரூபிக்கட்டுமே?

இதற்குத்தான் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952-இல் ஒரு தேநீர்க் கெண்டியை எழுதிவைத்தார். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே தொலைநோக்கியில்கூடத் தெரியாத ஒரு சின்னக் கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று நான் சொன்னால், அது பொய் என்று உங்களால் நிரூபிக்க முடியாது. அதனால் அதை நம்பவேண்டும் என்று ஆகிவிடுமா? ஆகாது. இருக்கிறது என்று சொல்கிறவர்தான் காரணம் காட்டவேண்டும்.

முதல் கேள்விக்குச் சொன்ன பிரிவு இங்கே உதவும். "எனக்கு நம்பிக்கை வரவில்லை" என்பவருக்கு எந்தச் சுமையும் இல்லை. "இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்கிறவரும் ஒன்றைச் சொல்கிறார் அல்லவா, அவரும் காரணம் தரவேண்டும். ஒன்றை மட்டும் இரண்டு பேரும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: கணக்கில் வருவது மாதிரியான நிரூபணமா கேட்கிறோம், வழக்கு விசாரணையில் வருவது மாதிரியான சாட்சியமா? முதலாவதைக் கேட்டால் உலகத்தில் அநேக விஷயங்கள் தேறாது.

எந்தக் கடவுள் என்று கேட்கிறார்கள். "மற்ற சாமிகளை நீங்கள் நம்புவதில்லை, நான் அதோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்" என்றும் சொல்கிறார்கள். என்ன சொல்வது?

முதல் பாதி மிகச் சரியான கேள்வி. உலகைப் படைத்து, பிரார்த்தனையைக் கேட்டு, பதில் தருகிற ஒருவரைச் சொல்கிறீர்களா? குணங்களைக் கடந்த பிரம்மத்தைச் சொல்கிறீர்களா? இயற்கையின் ஒழுங்கையே கடவுள் என்ற ஸ்பினோசாவின் பக்கமா? மூன்றுக்கும் வேறு வேறு ஆதாரம், வேறு வேறு ஆட்சேபம். நம்மில் பலர் வாதத்தில் பிரம்மத்தை நிறுத்தி, வீட்டுக்கு வந்து பிரார்த்தனையைக் கேட்பவரிடம் வேண்டிக்கொள்கிறோம். நாத்திகர்கள் இதைக் கவனித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது பாதி சாமர்த்தியமான வசனம். அதில் ஓர் ஓட்டையும் உண்டு, ஓர் உண்மையும் உண்டு. ஒரு வழக்கில் குற்றவாளி இவரா அவரா என்று பத்துப் பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்றால், குற்றமே நடக்கவில்லை என்கிறவர் அவர்களில் பதினோராவது ஆள் இல்லை, அவர் சொல்வது வேறு வகை. இது ஓட்டை. உண்மை என்னவென்றால், மற்ற சமயத்தாரின் அற்புதங்களையும் சாட்சியங்களையும் நாம் எந்த அளவுகோலால் தள்ளுகிறோமோ, அதே அளவுகோலை நம்முடையதின் மேல் வைக்கிறோமா என்று அவர் கேட்கிறார். வைத்துப் பார்த்தீர்களா? இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறதே, உலகத்துக்கும் ஒருவர் வேண்டாமா என்றால், "அப்ப கடவுளைப் படைச்சது யாரு?" என்கிறார்கள்.

"எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு" என்று ஆரம்பித்தால் அந்தக் கேள்வி வந்தே தீரும், அதற்குப் பதிலும் கிடையாது. அந்த வாதத்தைக் கவனமாகச் சொன்னவர்கள் யாரும் அப்படி ஆரம்பிக்கவில்லை. "தொடக்கம் உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு" என்றார் இஸ்லாமியச் சிந்தனையாளர் அல் கஸாலி. அக்குவினாஸ் தொடக்கத்தைப் பற்றியே பேசவில்லை. இந்த நிமிஷம் வேறொன்றைச் சார்ந்து நிற்பவை எல்லாம், எதையும் சாராத ஒன்றின் மேல் நிற்கவேண்டும் என்பது அவர் வழி. நம் நாட்டு நையாயிகர்களில், அதாவது நியாய சூத்திர மரபினரில், உதயணர், செய்யப்பட்டது எதற்கும் செய்தவர் உண்டு, உலகமும் செய்யப்பட்டதே என்று போனார்.

அதற்கு எதிர்ப்பும் வீட்டுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. வேதத்தை உயிராகக் கருதிய மீமாம்சகர் குமாரிலபட்டர் படைப்பாளி என்ற கருத்தை ஏற்கவில்லை. எதற்காகப் படைத்தான் என்று கேட்டார். கருணையால் என்றால், படைப்புக்கு முன்னால் கருணை காட்ட யார் இருந்தார்கள்? நவீன காலத்தில் இதைவிட எளிமையான பதிலை ரஸ்ஸல் 1948-இல் பாதிரியார் கோப்பிள்ஸ்டனோடு நடத்திய பிபிசி வானொலி விவாதத்தில் சொன்னார்: பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். அதற்குமேல் ஏன் என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இரண்டு தரப்பும் பிரிகின்றன. அந்த இடம்வரை போய்விட்டால் நல்ல உரையாடல் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றை மறக்கவேண்டாம். இந்த வாதம் முழுவதும் செல்லுபடியானாலும் கையில் கிடைப்பது ஒரு முதற்காரணம் மட்டுமே. அது உங்கள் கண்ணீரைக் கவனிக்குமா என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

பெருவெடிப்பே நம்ம பக்கத்துக்குச் சாட்சிதானே?

பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இலும், ஒற்றை ஆதி அணுவிலிருந்து அது தொடங்கியது என்று 1931-இலும் எழுதிய ஜார்ஜ் லெமெய்த்தர் கத்தோலிக்கப் பாதிரியார்தான். 1951-இல் போப் 12-ஆம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சாட்சியாகப் பேசியபோது அதை விரும்பாதவரும் அவரேதான். தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பது அவர் நிலை. அவருக்கே வேண்டாத உதவியை நாம் எடுத்துக்கொள்ளவேண்டுமா?

கண்ணைப் பாருங்கள், எவ்வளவு நுட்பம்! இது தானாக வந்திருக்குமா?

1802-இல் ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் பேலி இதே வாதத்தை வைத்தார். 1859-இல் டார்வின் இயற்கைத் தேர்வை விளக்கியபின் உயிர்களின் உறுப்புகளை வைத்து அதைச் சொல்வது கடினமாகிவிட்டது. ஒளியை உணரும் ஒரு புள்ளியிலிருந்து படிப்படியாகக் கண் உருவாகும் நிலைகளை இன்று வாழும் உயிரினங்களிலேயே பார்க்கலாம். பரிணாமத்தை ஏற்றுக்கொண்டே கடவுளை நம்புகிற உயிரியலாளர்கள் இருக்கிறார்கள். அதை எதிர்த்துத்தான் நம்பவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பொதுவாகவே, அறிவியல் இன்னும் விளக்காத சந்துகளில் கடவுளை வைப்பது ஆபத்து. கோள்களின் பாதை காலப்போக்கில் குலையும், கடவுள் அவ்வப்போது சரிசெய்யவேண்டும் என்று நியூட்டன் நினைத்தார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கணக்குப் போட்டு, அப்படி ஒரு கை தேவைப்படவில்லை என்று காட்டினார். சந்து அடைபட்டபோது அங்கே வைத்த கடவுளுக்கு இடமில்லாமல் போயிற்று.

இயற்பியல் மாறிலிகள் உயிர் தோன்றுவதற்கேற்ற மிகக் குறுகிய எல்லைக்குள் அமைந்திருக்கின்றன என்பது வேறு வாதம், இன்னும் உயிரோடு இருக்கிறது. பல பிரபஞ்சங்கள் இருக்கலாம், வாழத் தகுந்ததில்தானே நாம் இருந்து கேள்வி கேட்கமுடியும் என்பது எதிர்ப்பதில். இரண்டு பக்கமும் தீர்ந்துவிடவில்லை. இயற்பியலில் ஈடுபாடு இருந்தால் பேசுங்கள். இல்லையென்றால் இரவல் வாதம் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெரிய விஞ்ஞானிகளே கடவுளை நம்பியிருக்கிறார்களே, ஐன்ஸ்டைன் உட்பட?

ஐன்ஸ்டைனை விட்டுவிடுங்கள். உலகின் ஒழுங்கில் வெளிப்படும் ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன், மனிதரின் விதியிலும் செயலிலும் தலையிடும் கடவுளை அல்ல என்று 1929-இலேயே சொல்லிவிட்டார். 1954-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இன்னும் கடுமையாகவே எழுதினார்.

1979-இன் இயற்பியல் நோபல் பரிசை மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கையாளர், ஸ்டீவன் வெயின்பர்க் வெளிப்படையான நாத்திகர். இருவரும் தனித்தனியாக வந்து சேர்ந்தது ஒரே கோட்பாட்டுக்கு. ராமானுஜன் தன் சூத்திரங்களை நாமகிரித் தாயார் தந்ததாகச் சொன்னார். அவரை உலகுக்குக் காட்டிய ஹார்டி கடவுளை ஏற்காதவர். ஆள் கணக்கு எடுத்து எதையும் முடிக்க முடியாது.

நம்பினால் நஷ்டம் ஒன்றுமில்லை, நம்பாவிட்டால்தான் ஆபத்து என்று சொல்லலாமா?

இது பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் சொன்னது, அவர் இறந்தபின் 1670-இல் அச்சானது. அவர் சொன்ன இடத்தில் அதற்கு ஆழம் உண்டு. பேச்சில் மிரட்டல் போலத்தான் விழும். "வேறொரு கடவுள் இருந்து, தவறானவரை நம்பியதற்காக உங்களைத் தண்டித்தால்?" என்று ஒரே வரியில் பதிலும் வந்துவிடும்.

எத்தனை பேசினாலும் சாகும் நேரத்தில் சாமியைக் கூப்பிடத்தானே போகிறார்கள்?

மதத்தைச் சந்தேகித்த ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1776-இல் மரணப் படுக்கையில் இருந்தபோது, இதையே எதிர்பார்த்து அவரைப் பார்க்கப் போனார் எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல். ஹியூம் அமைதியாக, சிரித்த முகத்தோடு தன் நிலையிலேயே இருந்தார். கலங்கிப்போய்த் திரும்பியது பாஸ்வெல்தான். பகத் சிங் 1930-இல் சிறையிலிருந்தபடி தான் ஏன் நாத்திகன் என்று எழுதினார். தூக்கு காத்திருக்கிறது என்று தெரிந்தே எழுதினார். இந்த வசனத்தை இனிமேல் சொல்லாதீர்கள்.

மதத்தின் பெயரால் நடந்த கொடுமைகளைப் பட்டியல் போடுகிறார்கள். பதிலுக்கு ஸ்டாலினைச் சொல்லலாமா?

சொல்லலாம். சோவியத் ஆட்சி 1931-இல் மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தையே வெடிவைத்துத் தகர்த்தது. ஆனால் பிணக்கணக்கில் போட்டி போடுவதால் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதில் ஓர் அங்குலமும் நகரமாட்டோம். அவர் சொல்லும் கொடுமை உண்மையில் நடந்தது என்றால் "ஆமாம், நடந்தது" என்று சொல்லுங்கள். நிறுவனத்தைக் காப்பாற்றுவது உங்கள் வேலை இல்லை.

இன்னொரு விஷயம் இங்கே முக்கியம். பலருடைய நாத்திகம் பிரபஞ்சத்தைப் பற்றிய யோசனையில் தொடங்குவதே இல்லை. 1925-இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கிய பெரியாரின் கடவுள் மறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பால் ஒருவனை இழிந்தவன் என்று வைப்பதற்குக் கடவுளைக் காரணம் காட்டினார்கள் என்பதுதான் அதன் வேர். அந்த வழியில் வந்தவரிடம் முதற்காரண வாதத்தை எடுத்தால், அவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். அவர் கேட்பது "அந்த இழிவின்போது உங்கள் கடவுள் யார் பக்கம் நின்றார்?" என்று. அதற்கு வார்த்தையில் சொல்லும் பதிலைவிட, நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைத்தான் அவர் பார்ப்பார்.

ஒன்றுமறியாத குழந்தைக்குப் புற்றுநோய் வருகிறதே, உங்கள் கடவுள் என்ன செய்கிறார் என்று கேட்டார். வாயடைத்துப் போய்விட்டேன்.

வாயடைத்துப் போனது சரியான எதிர்வினை என்றே நினைக்கிறேன். இருக்கிற ஆட்சேபங்களிலேயே கனமானது இது. 1755 நவம்பர் 1 அன்று, புனிதர் அனைவர் திருநாளில், லிஸ்பனில் நிலநடுக்கம் வந்தது. வழிபாட்டுக்காகக் கோயில்களில் கூடியிருந்தவர்கள் இடிபாடுகளில் இறந்தார்கள். அதற்குப்பின் ஐரோப்பாவில் பலரால் பழைய மாதிரி பேசமுடியவில்லை.

வாதமாகப் பார்த்தால் இதில் இரண்டு உண்டு, கலக்கக்கூடாது. எல்லாம் வல்ல, முழு நன்மையான கடவுளும் தீமையும் சேர்ந்து இருக்கவே முடியாது என்பது ஒன்று, 1955-இல் தத்துவவாதி ஜே. எல். மேக்கி இதைக் கூர்மையாக எழுதினார். சுதந்திரமான மனிதர்களைப் படைத்தால் அவர்கள் தீமை செய்யும் சாத்தியத்தையும் சேர்த்துத்தான் படைக்கமுடியும் என்று 1974-இல் ஆல்வின் பிளாண்டிங்கா கொடுத்த பதிலுக்குப் பிறகு, இந்தக் கண்டிப்பான வடிவத்தின் வேகம் குறைந்தது. இரண்டாவது வடிவம் 1979-இல் வில்லியம் ரோ எழுதியது. காட்டுத்தீயில் சிக்கி, யாரும் பார்க்காமல், நாட்கணக்கில் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டி. இதனால் யாருக்கு என்ன நன்மை? முரண்பாடு இல்லாவிட்டாலும், இவ்வளவு வீணான துன்பம் கடவுள் இல்லை என்பதையே அதிகமாகச் சுட்டுகிறது என்றார். மனிதச் சுதந்திரம் என்ற பதில் இங்கே எட்டாது, புற்றுநோய்க்கும் எட்டாது. நம்மிடம் கர்மா என்ற பதில் இருக்கிறது. ஏற்றத்தாழ்வுக்கும் கொடுமைக்கும் கடவுள் பொறுப்பல்ல, உயிர்களின் வினையே காரணம் என்று பிரம்ம சூத்திரமே சொல்கிறது. முதல் வினை எப்படி வந்தது என்ற கேள்விக்கு, தொடக்கமே இல்லை என்றும் சொல்கிறது. தத்துவமாக அது ஒரு முழுமையான அமைப்பு. ஆனால் அந்தக் குழந்தையின் தாயிடம் போய் அதைச் சொல்ல உங்களுக்கு மனம் வருமா? எனக்கு வராது.

எனவே முதலில் கவனிக்கவேண்டியது, கேட்பவர் வாதமாகக் கேட்கிறாரா, தன் வீட்டில் நடந்ததைக் கேட்கிறாரா என்பதை. இரண்டாவது என்றால் வாதத்தை மூடிவையுங்கள். பைபிளில் யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவு பகலாக அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து, அவன் துன்பத்துக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தபிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுளே அவர்களைக் கோபித்துக்கொள்கிறார்.

எனக்குப் பிரார்த்தனை பலித்திருக்கிறது. அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

உங்களுக்கு வேண்டாம், அவருக்கு வேண்டும். அனுபவம் வந்தவருக்கு அது அதிகாரம் உள்ளதாக இருப்பது நியாயம், வராதவர்கள் அதற்குக் கட்டுப்படவேண்டியதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் எழுதினார். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. "எனக்கு இப்படி நடந்தது, நான் நம்புவது அதனால்தான், நீங்கள் நம்பவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். கிண்டல் செய்வார்கள் என்று பயந்து நாம் ஒளித்துவைப்பது இதைத்தான், உண்மையில் அவர்கள் மரியாதையோடு கேட்பதும் இதைத்தான். நம்மை நிற்கவைத்திருப்பது இது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

பொதுவிதியாக மட்டும் ஆக்காதீர்கள். 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று மட்டும் சொல்லப்பட்ட இரண்டு குழுக்களில், பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும், பிரார்த்திக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. நமக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்திருந்த குழுவில் அது 59 சதவீதம். கடவுள் பரிசோதனைக்குக் கட்டுப்படுகிறவரா என்று நீங்கள் கேட்கலாம், கேளுங்கள். ஆனால் பலித்ததை மட்டும் எண்ணிவிட்டு, பலிக்காததை எண்ணாமல் விடுவது நேர்மையாக இருக்காது.

கிண்டல் செய்தால் என்ன செய்வது?

கருத்தைக் கிண்டல் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம், சில சமயம் சிரிக்கவும் செய்யலாம், நன்றாகவே செய்கிறார்கள். உங்களையோ உங்கள் வீட்டாரையோ கேலி செய்தால் "இதோடு போதும்" என்று எழுந்துவிடுங்கள். விளக்கம் தேவையில்லை.

என் மகளே நம்பிக்கை இல்லை என்கிறாள். அவளிடம் எந்த வாதத்தைச் சொல்வது?

எதையும் சொல்லவேண்டாம் அம்மா. இங்கே எழுதியிருப்பதெல்லாம் சமமாக உட்கார்ந்து பேசுகிற இரண்டு பேருக்கு. அம்மாவும் மகளும் அப்படி உட்காருவது கடினம். நீங்கள் ஒரு வாதம் சொன்னால் அவள் காதில் "நீ என்னை ஏமாற்றிவிட்டாய்" என்றுதான் விழும். அவள் எப்போதிலிருந்து, எதனால் இப்படி நினைக்கிறாள் என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை இடையில் பேசாமல் இருங்கள், அதுதான் கஷ்டம். வழிபாட்டுக்கு வா என்று அழைக்கலாம். வராவிட்டால் முகம் சுளிக்கக்கூடாது. அவள் உங்களிடம் வந்து சொன்னாள் என்பதைக் கவனியுங்கள். சொல்லாமல் வருஷக்கணக்கில் நடிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பேசியதால் யாராவது மாறியிருக்கிறார்களா? பிறகு எதற்கு இந்தப் பேச்செல்லாம்?

ஆண்டனி ஃப்ளூ என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி அரை நூற்றாண்டுக் காலம் நாத்திகத்தின் முக்கியக் குரலாக இருந்தார். 2004-இல், ஒருவித மூலக் கடவுளை ஏற்பதாக அறிவித்தார். அது பிரார்த்தனை கேட்கும் கடவுள் அல்ல, எந்த மதத்திலும் அவர் சேரவில்லை. உடனே இரண்டு தரப்பும் அவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. முதுமையில் அவரை யாரோ ஆட்டிவைக்கிறார்கள் என்றுகூடப் பேசினார்கள். எதிர்த்திசையில் போனவர்கள் ஏராளம். ஆனால் ஒரு மாலைப் பேச்சில் மாறியவர் என்று நான் யாரையும் பார்த்ததில்லை. என் நண்பர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள், நானும்தான். என்ன, அவர்கள் ஏன் நம்பவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். முன்பு தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எது நடந்தால் உங்கள் நம்பிக்கையை விடுவீர்கள்?" என்று கேட்டார். இதற்கு என்னதான் பதில்?

இந்தக் கேள்வியையும் கூர்மையாக்கியவர் அதே ஃப்ளூதான், நாத்திகராக இருந்த நாளில், 1950-இல். காட்டின் நடுவே பூக்கள் மலர்ந்த ஓர் இடம். இதைப் பராமரிக்கும் தோட்டக்காரர் உண்டு என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் மற்றவர். காவல் இருந்து பார்க்கிறார்கள், மின்வேலி போடுகிறார்கள், மோப்ப நாய்களை விடுகிறார்கள், யாரும் அகப்படவில்லை. அவர் கண்ணுக்குத் தெரியாதவர், மின்சாரம் தாக்காதவர், வாசனை இல்லாதவர் என்று முதலாமவர் சேர்த்துக்கொண்டே போகிறார். அப்படியொரு தோட்டக்காரருக்கும், தோட்டக்காரரே இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார் ஃப்ளூ.

"எது நடந்தாலும் விடமாட்டேன்" என்பது பக்தியாகத் தோன்றலாம், பேச்சு அதோடு முடிந்துவிடும். எந்த வாதத்தில் ஆரம்பிப்பது என்ற கேள்விக்குச் சொன்ன சோதனையை இங்கே உங்கள் மேலேயே செய்து பாருங்கள்: எது உடைந்தால் எல்லாம் உடையும்? என்னைக் கேட்டால், பிரார்த்தனையில் எனக்குக் கேட்பது என் மனம் தனக்குத்தானே பேசிக்கொள்வது மட்டும்தான் என்று உறுதியானால் விட்டுவிடுவேன். இன்றுவரை உறுதியாகவில்லை. அப்படி இல்லை என்று அடுத்தவருக்குக் காட்டவும் என்னிடம் வழி இல்லை. இதை அப்படியே சொல்லிவிடுவேன்.

சொன்னபிறகு, "எது நடந்தால் நீங்கள் நம்புவீர்கள்?" என்று திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. சிலர் தெளிவாக ஒன்றைச் சொல்வார்கள். வேறு சிலர், வானத்தில் எழுத்துத் தெரிந்தாலும் எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றுதான் நினைப்பேன் என்பார்கள். அவர்களிடம் அந்தத் தோட்டக்காரர் கதையை எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்லலாம். பெரும்பாலும் சிரித்துவிட்டு யோசிக்க ஆரம்பிக்கிறார்கள்.